நல்லா ஓடுற காரைத் தள்ளின கதை

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கார் இன்சூரன்சுக்கு ஒரு போன் பண்ணணும்.

நான் ரிடயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல குளிர் ஆரம்பிச்சா நானும் என் வீட்டுக்காரி சபியாவும் டெக்சாஸ்ல, பேர்லேண்ட்ல இருக்கிற மக வீட்டுக்குப் போயிடுவோம். ஏப்ரல்லதான் திரும்புவோம். அதுவரைக்கும் கார் இங்க கராஜ்ல சும்மா நிக்கும். நிக்கிற வண்டிக்கு எதுக்கு முழு இன்சூரன்ஸ், குறைச்சுக்கலாமேன்னு பள்ளிவாசல்ல ஒருத்தர் சொன்னார். நியாயமாத்தான் பட்டுது.

மறுநாள் பிளைட். சபியா இந்தியன் குரோசரி கடைக்குள்ள போயிருந்தா. மகளுக்கு நெத்திலிக் கருவாடு வேணுமாம். நான் பார்க்கிங் லாட்ல கார்ல உக்காந்திருந்தேன். சும்மா இருக்கிற நேரத்துல வேலையை முடிச்சிடலாம்னு செல்போனை எடுத்தேன்.

இன்சூரன்ஸ் ஆபீஸ்ல போனை எடுத்த பொண்ணு ரொம்ப மரியாதையா பேசினா. டெக்சாசுக்கு எப்போ போறீங்க, யாராவது காரை எடுப்பாங்களான்னு எல்லாம் கேட்டா. யாரும் தொடமாட்டாங்கன்னு சொன்னேன். அப்ப தீப்பிடிச்சா, திருடு போனா மட்டும் கவரேஜ் இருக்கும், ரோட்ல ஓட்டவே கூடாதுன்னா. எப்போலேர்ந்து மாத்தட்டும்னு கேட்டா.

நான் பெரிய மனுஷனாட்டம், "இப்பவே மாத்திடுங்க"ன்னேன்.

மாத்திட்டா.

தேங்க்ஸ் சொல்லி வச்சுட்டு சாவியைத் திருப்பப் போனேன். கை அப்படியே நின்னுடுச்சு. வீடு இங்கேர்ந்து ஆறு மைல்.

திரும்ப போன் போட்டேன். இந்தத் தடவை வேற ஆள். ஒரு தடவை குறைச்ச கவரேஜைத் திரும்பக் குடுக்கணும்னா, அடி எதுவும் படலைன்னு காட்ட காரை போட்டோ இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டு போகணுமாம். எப்படிக் கொண்டு போறதுன்னு கேட்டேன். "ஓட்டிட்டுத்தான்"ன்னார். ஓட்டக் கூடாதேன்னேன். "ஆமா, ஓட்டக் கூடாது"ன்னு அவரும் ஒத்துக்கிட்டார்.

சபியா கருவாட்டுப் பையோட வந்து ஏறினா. விஷயத்தைச் சொன்னேன். அவ என்னைப் பாத்தா. முப்பத்தஞ்சு வருஷமா பாக்குற பார்வைதான்.

காரை அங்கேயே விட்டுட்டு டாக்சில போயிடலாம்னேன். ராத்திரி நிக்கிற வண்டியை எல்லாம் இழுத்துட்டுப் போயிடுவோம்னு எங்களுக்கு எதிர்லயே போர்டு. நாங்க வர்றது ஏப்ரல்.

அப்பதான் அவ கண்ணுல பட்டுச்சு. அதே கடை வரிசையில கடைசியா ஒரு கார் கண்ணாடி மாத்துற கடை. வாசல்ல, இங்க இன்சூரன்ஸ் போட்டோ எடுக்கப்படும்னு எழுதியிருந்தது.

"ஏங்க, ரோட்டுக்கே போக வேணாம். இப்படியே தள்ளிட்டுப் போயிடலாம்."

இந்த லாட்ல ஓட்டலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. யாரைக் கேட்டாலும் இன்னொரு வம்பு வருமோன்னு பயம். சபியா ஸ்டியரிங்ல உக்காந்தா. நான் பின்னாடி நின்னு தள்ளினேன். சனிக்கிழமை சாயங்காலம், லாட் நிறைய நம்ம ஆளுங்க. ஒருத்தர் வந்து பேட்டரியான்னு கேட்டார். இல்லைன்னேன். பெட்ரோலான்னார். புல் டேங்க்னேன். அவர் ரெண்டு அடி பின்னால போயிட்டார்.

பாதி வழியில தரை லேசா சரிவு. கார் என்னை விட்டுட்டுக் கிளம்பிடுச்சு. நான் பின்னாலயே ஓடுறேன். இன்ஜின் ஆப்ல இருந்தா பிரேக் கல்லு மாதிரி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சபியா ரெண்டு காலையும் வச்சு அழுத்தி, ஒரு போலீஸ் காருக்கு நாலு அடி முன்னாடி நிறுத்தினா.

ஆபீசர் இறங்கி வந்தார். ஜன்னல்ல குனிஞ்சார். கருவாட்டு வாசனை அடிச்சதும் நிமிந்துட்டார். தள்ளி நின்னே என்னைக் கேட்டார்.

"கார்ல என்ன பிராப்ளம்?"

"ஒண்ணும் இல்ல. நல்லா ஓடும்."

"அப்புறம் ஏன் தள்றீங்க?"

முழுக் கதையையும் சொன்னேன். லைசென்ஸ் போயிடுமோன்னு வாய் குழறுது. சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் பாத்ததில்ல போல. கடைசியில தொப்பியைக் கழட்டி பானட் மேல வச்சுட்டு, பின்னாடி வந்து அவரும் தள்ளினார்.

கண்ணாடிக் கடைக்காரர் நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். போலீஸ் தள்ளிட்டு வந்த காராச்சே, ஒரு கேள்வி கேக்கல. பேப்பரை இன்சூரன்சுக்கு பேக்ஸ் பண்ணினார். நான் போன் போட்டேன். முதல்ல பேசின அதே பொண்ணு எடுத்தா.

எதுக்கு சார் இன்ஸ்பெக்‌ஷன்னு கேட்டா. நாம எந்த மாத்தம் பண்ணினாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் அமலுக்கு வருமாம். அதுவரைக்கும் முழு கவரேஜும் அப்படியே இருந்துச்சாம். தாராளமா ஓட்டிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமாம்.

இன்னொண்ணும் சொன்னா. போட்டோ வந்து சேந்ததால நான் குறைச்சதை கேன்சல் பண்ணிட்டாங்களாம். குளிர்காலம் முழுக்க இப்ப என் காருக்கு முழு இன்சூரன்ஸ்.

திரும்பக் குறைக்கட்டுமா சார்னு கேட்டா. சபியா என் கையிலேர்ந்து போனைப் பிடுங்கி ஆப் பண்ணிட்டா.

நான் தெரிஞ்சுக்கிட்டது இதுதான்: இன்சூரன்ஸ்காரங்ககிட்ட என்ன வேணா பேசலாம், ஆனா வீட்டுக்கு வந்து பேசணும்.