ஆறு சாக்கெட் பெட்டியும் அருள்புரத்து மாமியாரும்

மாமியாரைப் பாராட்டி எழுதும் மருமகனை ஒருவரும் நம்ப மாட்டார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். (நினைப்பு மட்டும் விஞ்ஞானி.) சுவர் பிளக் ஒன்றிலேயே ஆறு சாமான்களை மாட்டும்படி ஒரு பெட்டி செய்திருந்தேன். கரண்ட் எகிறினால் தாங்கிக்கொள்ள உள்ளே காசு அளவில் ஒரு நீல வில்லை. பெட்டியிலிருந்த ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அதில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிட்டேன். ஊரே செய்கிற வேலைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருள்புரத்திலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே இந்தச் சம்பந்தம் அமைய வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன். முடிவு பெண்ணின் அம்மா கையில். அவர் ஒரு பனியன் கம்பெனியில் ஓட்டை, தையல் குறை பார்க்கும் செக்கிங் சூப்பர்வைசர். வந்து உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைத் தையலைப் பார்த்தார்.

அவரை அசத்த டீவி, ஃபேன், மிக்ஸி, டேப் ரெக்கார்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பெட்டியில் மாட்டினேன். ஞாயிறன்று கம்பெனிகள் ஓடாது, வோல்டேஜ் தாறுமாறாக ஏறும் என்பது திருப்பூரில் பால்காரருக்கும் தெரியும். எனக்கு மறந்துவிட்டது. (காதல்!)

"பாருங்கம்மா, ஒரே பிளக்கு..." என்று ஆரம்பித்தேன்.

டமார்! வில்லை வெடித்தது. தடித்த கம்பி அசையவே இல்லை. பெட்டி உருகி, மெயின் ஃபியூஸ் போய், பலகாரத் தட்டெல்லாம் கரி. சம்பந்தம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அம்மா அசரவில்லை. ஆறிய பெட்டியை வாங்கி, பனியனில் ஓட்டை தேடுவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, சாக்கெட்டை இத்தனை நெருக்கமா வெச்சா, பெரிய பிளக்கு ஒண்ணு மாட்டுனா பக்கத்துது அடைச்சுக்காதுங்களா? ஒவ்வொண்ணுக்கும் தனி சுவிட்சு வேணுமுங்க. கருகிக் கெடக்குதே, இந்த வில்லை எதுக்குங்க?"

"கரண்ட் எகிறுனா அது கருகி மத்ததைக் காப்பாத்துமுங்க."

மெயின் ஃபியூஸைப் போட்டு, டீவியை நேரே சுவர் பிளக்கில் மாட்டிப் போடச் சொன்னார். படம் பளிச்சென்று வந்தது.

"நம்ம ஊட்டுக்கும் இந்த வில்லை மாதிரி ஒருத்தர் வேணுமுங்க, மாப்பிள்ளை!"

'தம்பி'யாக இருந்தவன் 'மாப்பிள்ளை'யாகிவிட்டேன்! அந்தக் கரியிலும் நல்லதைக் கண்டுபிடித்த கண்ணுக்கு நான் இன்றும் அடிமை. அவர் சொன்னபடி திருத்திச் செய்த பெட்டிதான் எங்கள் கல்யாணத்தில் மைக், ஸ்பீக்கர் என்று வந்த ரேடியோ செட்டுக்கே கரண்ட் கொடுத்தது.

இன்றும் தாய்க்கும் மகளுக்கும் சண்டை முற்றினால், "மாப்பிள்ளையை நடுவுல மாட்டுங்க" என்று சொந்தக்காரர்கள் கத்துகிறார்கள். இதுவரை அவர்கள் இருவருக்கும் ஒரு சேதாரமும் இல்லை.