இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும்

கெட்டுப்போனதை மேலும் கெடுப்பவர்களால் உலகத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. நன்றாக இருப்பதை நன்றாக்கக் கிளம்பும் இனம் ஒன்று உண்டே, அதுதான் ஆபத்து. பெயர் வேண்டுமென்றால் ‘இன்னும் கொஞ்சக்காரர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடையவர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகையையே அச்சகத்தில் உட்கார்ந்து திருத்தித் திருத்தி, கடைசியில் தேதியைத் தொலைத்தவர். இவருடைய குறைக்கடத்திப் பொடியைத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால், அது வெளிச்சத்தை விழுங்கி, தண்ணீரைப் பிளந்து, ஹைட்ரஜனைக் குமிழ் குமிழாய் விட வேண்டும். மஞ்சள் பொடி விட்டது! வேறொருவர் துள்ளிக் குதித்திருப்பார். இவர் குமிழைப் பார்க்கவில்லை. பொடி விழுங்காமல் விட்ட வெளிச்சத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பக்கத்து மேசையில் வாயுவை அளப்பவர் அவர் மனைவி.

“ஏங்க, திங்கட்கிழமை நம்ம வேலையைச் சோதிக்கக் குழு வருது. குமிழி வரலேன்னா இந்த அறையில உடைஞ்ச நாற்காலியைப் போட்டுப் பூட்டிடுவாங்க. பொடி மேல கை வைக்காதீங்க.”

“நான் எங்க கை வைச்சேன்? நிறத்தை லேசா ஏத்துறேன், அவ்வளவுதான்.”

மஞ்சளைச் சூளையில் போட்டு, ஆரஞ்சாக எடுத்து, ஜன்னலோரம் பிடித்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, “இன்னும் கொஞ்சம்” என்று மறுபடி போட்டு, பழுப்பாக எடுத்தார்.

“போதும்! ரொம்பக் கறுத்தா வெளிச்சத்தை நிறைய வாங்கும், தண்ணியைப் பிளக்கிற தெம்பு இருக்காது. இது உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தெரிந்தால் மட்டும் கை சும்மா இருக்குமா?

திங்கட்கிழமை கண்ணாடிக் குடுவையில் அட்டக்கரியாய் இருந்தது பொடி. வெயிலை ஒரு பொட்டு விடாமல் விழுங்கியது. குமிழி? மூச்சு இல்லை. குழுத் தலைவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

“ஒண்ணும் வரலையே சார்?”

“எவ்வளவு உறிஞ்சுது பாருங்க!”

“என் கறுப்புக் குடைகூடத்தான் உறிஞ்சுது.”

அறையே நாற்காலிகளுக்குப் போய்விட்டது என்று நம்மவர் முடிவு கட்டினார். மனைவி கைப்பையைத் திறந்து, ஒரு பழைய மருந்துப் புட்டியை எடுத்தார். உள்ளே, முதல் சூளைக்கு முன்பே ஒளித்துவைத்த ஒரு கரண்டி மஞ்சள். வேறு குடுவையில் கலந்து வெயிலில் வைத்ததும், கொஞ்ச நேரத்தில் குமிழ்கள் வரிசை கட்டின. தலைவர் முகம் மலர்ந்தது. அறை பிழைத்தது.

நம்மவர் கண் கலங்கக் குனிந்து பார்த்தார்.

“எல்லாம் சரி. இந்த மஞ்சளை மட்டும் இன்னும் கொஞ்சம்...”

மனைவி புட்டியைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியாதா? காலையில் எழுதிய நாலு வரிச் செய்தியை மாலை வரை திருத்திக்கொண்டு, இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறீர்களே, அது வேறு விஷயம்.