நிலாக்காய்

எந்த நாடு எந்தக் கலத்தை எந்தக் கோளுக்கு அனுப்பி எந்த இடத்தில் கோட்டைவிட்டது என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவேன். ஓர் அடுப்பை மட்டும் என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுப் பணி, அதில் கடைசி ஆறு ஆண்டுகள் கண்காணிப்பாளர். அடுத்தவர் செய்த தவறுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை எழுதுவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது (என்ன பெயர் என்பதை இங்கே எழுத முடியாது). ஓய்வு பெற்ற பிறகு குறிப்பாணை கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு வாங்கியதுமே சுதாரித்துக்கொண்டு, காலை நடைப்பயிற்சியை மாலைக்கும் நீட்டித்துவிட்டார். ஆகவே உலக நாடுகளின் விண்வெளித் துறைகளை விசாரணைக்கு எடுத்துக்கொண்டேன்.

ஒரு நீள நோட்டு வாங்கி ஐந்து பத்தி பிரித்தேன்: நாடு, சாதனை, தோல்வி, தோல்விக்கு அவர்கள் சொன்ன காரணம், என் குறிப்பு. செவ்வாய்க்குப் போன அமெரிக்கக் கலம் ஒன்று, ஒரு குழு பவுண்டிலும் இன்னொரு குழு மெட்ரிக்கிலும் கணக்குப் போட்டதால் தொலைந்தது. என் குறிப்பு: ‘கையெழுத்திட்டவர் படித்துப் பார்க்கவில்லை.’ ஜப்பானியர் கலம் ஒன்று, தரை எங்கே இருக்கிறது என்று தப்பாக நினைத்து, உயரத்திலேயே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. என் குறிப்பு: ‘களத்துக்குப் போகாமல் அறிக்கை எழுதியதன் விளைவு.’ சீனா நிலவின் மறுபக்கத்தில் முதல் ஆளாக இறங்கியது. என் குறிப்பு: ‘பாராட்டத்தக்கது. ஆனால் அவர்களுடைய ராக்கெட்டின் மிச்சம் எங்கே விழுமோ என்று ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.’

சிரிக்காதீர்கள். கைப்பேசியில் தினமும் வந்து விழும் பெருமைச் செய்திகளைவிட என் நோட்டு ஆயிரம் மடங்கு நேர்மையானது. அவற்றைப் பரப்புகிறவர்கள் நம்முடைய வெற்றியை எடுத்து அடுத்தவன் தோல்விக்குப் பக்கத்தில் வைத்துப் படம் போட்டு அனுப்புவார்கள். தோல்வியைத் தோல்வியோடும் சாதனையைச் சாதனையோடும்தான் ஒப்பிட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற நியாயம் இது. இந்த நியாயத்தில் நான் வழுவியதே இல்லை என்றுதான் அந்த ஆகஸ்டு மாலை வரை நம்பியிருந்தேன்.

நம் கலம் நிலவில் இறங்கவிருந்த மாலை அது. அதற்கு இரண்டு நாள் கழித்து என் தம்பி பாண்டியின் மகள் யாழினிக்கு நிச்சயதார்த்தம். போடிமெட்டுக்கு மேலே தம்பிக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம்: பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடும் நிச்சய மாலை சொந்தத் தோட்டத்து ஏலக்காயில் கட்டியதாக இருக்க வேண்டும். அந்தப் பருவத்தின் முதல் எடுப்பிலிருந்து, அதாவது முதல் பறிப்பிலிருந்து, பருத்த காயாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தனித் தட்டில் வைத்து உலர்த்தி, பச்சை மாறாமல் எடுக்க வேண்டும். பொறுக்கியது அத்தை முறையுள்ள நான். மூன்று நாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பொறுக்கினேன்.

உலர்த்துமிடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். சுவருக்கு வெளியே அடுப்பு, உள்ளே அந்தச் சூட்டைக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள், குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள், கதவோரம் சூட்டைக் காட்டும் முள். காலையில் உள்ளே போன காய் மறுநாள் காலையில் வெளியே வரும். சூடு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், கூடினால் பச்சை செத்துப்போகும். அதற்கென்றே முருகையா என்று ஒருவர் இருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாள எஸ்டேட்டுகளில் முப்பது வருடம் அடுப்புப் பார்த்தவர்.

மதியம் தம்பி போடிக்குக் கிளம்பினான்.

“யக்கா, சமையக்காரரப் பாத்துட்டு, சேலையெல்லாம் எடுத்துக்கிட்டு காலையில வந்துர்றோம். அடுப்ப முருகையா அண்ணே பாத்துக்கிருவாரு. நீ சும்மா இருந்தாப் போதும். அவருகிட்ட மட்டும் ராக்கெட்டு பேசிராத.”

“ஏன்டா?”

“அவரு ரஷ்யா.”

விளங்கவில்லை. மாலை நாலரைக்கு விளங்கியது. அடுப்புக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த முருகையாவின் தோளில் சிவப்புத் துண்டு. எஸ்டேட்டில் சங்கம் வைத்துக் கொடி ஏற்றிய தலைமுறை. நாலு நாள் முன்னால் ரஷ்யக் கலம் நிலவில் மோதி நொறுங்கியதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை என்று தம்பி மனைவி சொல்லியிருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மடியில் நோட்டு இருந்தது.

“என்ன முருகையா, உங்க ஆளுக இப்பிடிப் பண்ணிட்டாகளே” என்று துக்கம் விசாரிக்கிற குரலில்தான் ஆரம்பித்தேன்.

“மொத மொத வானத்துல கலத்த விட்டது ஆரு? மொத மனுசன அனுப்புனது ஆரு? மொதப் பொம்பளைய அனுப்புனது ஆரு?” என்றார் அடுப்பைப் பார்த்தபடியே. “வெள்ளிக் கெரகத்துல எறங்கிப் படம் பிடிச்ச வேற நாடு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. நான் துண்ட மாத்திக்கிடுறேன்.”

“அதெல்லாம் தாத்தன் சொத்து. இப்ப என்ன ஆச்சு? எஞ்சின் எண்பத்து நாலு விநாடியில நிக்கணும். நூத்து இருபத்தேழு விநாடி எரிஞ்சிருக்கு. நிறுத்த ஒரு ஆள் இல்ல. இதுக்குப் பேரு என்ன தெரியுமா? அலட்சியம்.”

“அப்பிடியா எழுதியிருக்கீக?”

“ஆமா.”

“நாலு வருசத்துக்கு முன்னாடி நம்மளது விழுந்துச்சே. அதுக்கு என்ன எழுதியிருக்கீக? வாசிங்க, கேப்போம்.”

புரட்டினேன். இந்தியா, தோல்வி, என் குறிப்பு. வாய்க்குள்ளேயே வாசித்தேன்.

“சத்தமா வாசிங்கக்கா.”

“பாடம் கற்கப்பட்டது.”

முருகையா திரும்பி உட்கார்ந்தார். “நமக்குன்னா பாடம், அவுகளுக்குன்னா அலட்சியம். கொள்ளாம்.” மலையாளத்தில் ‘நன்றாக இருக்கிறது’ என்று அர்த்தம். அதைச் சொன்ன விதத்தில் ‘உன் லட்சணம் நன்றாக இருக்கிறது’ என்று அர்த்தம்.

பணிக்காலத்தில் எனக்குக் கீழே இருந்த ஒருவரும் என்னை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. நியாயமாக நான் நோட்டைத் திருத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, “இன்னிக்கு ஆறு மணிக்குத் தெரிஞ்சிரும் யாரு அலட்சியம்னு. ஒரு அடுப்ப ஒழுங்கா அணைக்கத் தெரியாதவன் எல்லாம் நிலாவுக்குப் போகணுமாக்கும்” என்றேன்.

இதை நான் சொன்னது ஓர் அடுப்புக்காரரிடம்.

அவர் எழுந்து துண்டை உதறினார். “அப்ப இந்தியாவே அடுப்பப் பாக்கட்டும். முள்ளு அம்பதுல நிக்கணும். ஏறுச்சுன்னா மேல்சன்னலத் தெறந்து விடுங்க. வெறகு ஒவ்வொண்ணா வைக்கணும், மொத்தமா வைக்கப்புடாது. நான் டீக்கடைக்குப் போறேன்.” போயே விட்டார்.

இந்த ஐந்து வாக்கியங்களையும் நான் தேதி, நேரத்துடன் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டால் கடமை முடிந்தது என்று பழகிய கை.

ஸ்டோரில் சிக்னல் கிடையாது. இருநூறு எட்டு வைத்து மேலே ஏறினால் ஒரு பாறை. அதன் மேல் நின்றால் கைப்பேசியில் படம் ஓடும். ஐந்தே முக்காலுக்குக் கலம் இறங்கத் தொடங்கும், ஆறு மணி சுமாருக்குத் தரை தொடும். இருபது நிமிட வேலை. அதற்குள் அடுப்பு அவிந்துவிட்டால்? இங்கேதான் என் அலுவலக அறிவு வேலை செய்தது. நிலுவைக் கோப்புகளை நாளுக்கு ஒன்றாகப் பார்ப்பவர்கள் சோம்பேறிகள். ஒரே மூச்சில் அத்தனையையும் தள்ளிவிட்டு எழுந்திருப்பதுதான் என் முறை. கிடந்த விறகு அத்தனையையும் அடுப்புக்குள் தள்ளினேன். மேல்சன்னலைத் திறந்தால் தூறல் உள்ளே வருமே என்று அதையும் இறுக்கிச் சாத்தினேன்.

பாறையில் குடையும் கைப்பேசியுமாக நான் நின்ற கோலத்தை நல்லவேளை மூடுபனி மறைத்தது. படம் நின்று நின்று வந்தது. உயரம் குறைந்தது, வேகம் குறைந்தது, எனக்கு மூச்சே குறைந்தது. இறங்கிவிட்டது. ஆளில்லாத மலையில் தனியாகக் கைதட்டினேன். கண்ணில் நீர் வந்தது, பொய் சொல்லவில்லை.

அத்தோடு இறங்கி வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அதன் பிறகு உரைகள் வந்தன, கேட்டேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பழைய அலுவலகத்து ஆட்களைக் கூப்பிட்டேன். ‘நம்மது விழும்’ என்று முன்பு சொன்ன மூன்று பேரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். தென்துருவப் பக்கம் இறங்கிய முதல் நாடு எது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தேன். இருபது நிமிடம் என்று போனவள் ஸ்டோருக்குத் திரும்பியபோது மணி ஏழேகால்.

முருகையா எனக்கு முன்னாலேயே வந்து ஸ்டோர் வாசலை நெருங்கிக்கொண்டிருந்தார். கையில் காகிதப் பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு. “யக்கா, எறங்கிருச்சுக்கா. டீக்கடையில எல்லாருக்கும் லட்டு குடுத்தான். நானும் கைதட்டுனேன். ஒங்களுக்கும் ஒண்ணு கொண்டாந்திருக்கேன்.”

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. மூக்கு விரிந்தது. பாயசத்துக்குப் போட்ட ஏலக்காயை மறந்து வாணலியிலேயே விட்டால் வருமே, அந்த வாசனை மலை முழுக்க.

உள்ளே ஓடினோம். முள் எண்பதைத் தாண்டி நின்றது. முருகையா சன்னல்களைத் திறந்தார், வெளியே ஓடி அடுப்பிலிருந்து எரியும் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். நான் பொறுக்கிய தனித்தட்டு, நல்ல சூடு கிடைக்கட்டும் என்று நானே சொல்லிக் குழாய்க்கு மிக அருகில் வைக்கப்பட்டது. அதில் பச்சை என்று சொல்ல ஒரு காய் இல்லை. வாய் பிளந்து, செங்கல் நிறத்தில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

முருகையா ஒரு காயை எடுத்து நசுக்கி முகர்ந்தார். பிறகு, “ரஷ்யாவாச்சும் ஆளில்லாத எடத்துல போயி விழுந்துச்சு” என்றார்.

காலையில் தம்பி வந்தான். தட்டைப் பார்த்தான்.

“நான்தான் தம்பி விட்டுட்டுப் போயிட்டேன்” என்றார் முருகையா.

நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் பழி அவர் மேல் நின்றிருக்கும். பருவத்தின் தொடக்கத்தில் அடுப்புக்காரருக்கு வேலை போவது சின்ன விஷயமில்லை. “அவரு போகல. நான்தான் வெரட்டுனேன்” என்றேன்.

தம்பி தட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். சிறு வயதில் அவனிடம் நான் எத்தனை விளக்கம் கேட்டிருப்பேன். “எழுதிக் குடு” என்றான்.

அது கிடக்கட்டும். மறுநாள் நிச்சயம், மாலைக்குக் காய் இல்லை; மற்ற தட்டுகளிலும் பச்சை மங்கியிருந்தது. அடுத்த எடுப்புக்கு நாள் இருந்தது. அந்தச் சரிவில் முதல் எடுப்பு முடித்து உலர்த்தி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான், மேல்காட்டுச் சின்னச்சாமி. அவருக்கும் தம்பிக்கும் வேலித் தகராறு. அவர் மேல் தம்பி கொடுத்த மனுக்கள் அத்தனையும் என் கைவண்ணம், பிரிவு எண்களுடன்.

“நீயே போயிக் கேளு” என்றான் தம்பி.

போனேன். சின்னச்சாமி தன் ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செய்தி எனக்கு முன்னாலேயே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“வாங்கத்தா. மனு ஏதும் கொண்டாந்தீகளா?”

“இல்ல. காய் கேட்டு வந்தேன்.”

“எழுத்து மூலமா இல்லாம வாய்மொழியா கேக்குறீகளே, செல்லுமா?”

வாய்மொழியாகவே இன்னொரு முறை கேட்டேன். வேறு என்ன செய்வது? அவர் உள்ளே போய், பச்சைப் பசேலென்று இரண்டு கிலோ காயை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், அதுதான் இன்னும் கொடுமை. “புள்ள நல்லாருக்கட்டும்” என்றவர், நான் நாலு எட்டு நடந்த பிறகு கூப்பிட்டார்.

“கல்யாணத்துக்கும் சேத்தே எடுத்துட்டுப் போறீகளா? அன்னிக்கும் ராக்கெட்டு கீக்கெட்டு விட்டாலும் விடுவாக.”

நிச்சயத்தில் மாப்பிள்ளையின் தாயார் மாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, “எவ்வளவு பச்சை. உங்க தோட்டத்துக் காய்தானே?” என்று கேட்டார். தம்பிக்குப் பொய் சொல்ல வராது. சபை முழுக்கக் கேட்கும்படி, “இல்லைங்க, எங்க காயை எங்க அக்கா நிலாவுக்கு அனுப்பிட்டாக” என்றான். ஏலத்தோட்டக்காரன் வீட்டு நிச்சயத்தில் இரவல் காயில் மாலை. அதற்கு அத்தனை பேரும் சிரித்தார்கள், மாப்பிள்ளை உட்பட. அவமானத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு, கூடியிருக்கிறவர்கள் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஒருவரும் பின்பற்றவில்லை.

கருகிய காய் வீணாகக் கூடாது என்று யாழினி அதை டீயில் தட்டிப் போட்டாள். “அத்தை, நிலாக்காய் டீ” என்று முதல் தம்ளரை எனக்கே நீட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிறம் செத்த காய் நிலாக்காய். பிறகு தம்பியின் தோட்டத்தில் காய் எடுக்க வரும் பெண்களுக்கும் அது நிலாக்காய். பிறகு அவர்கள் வேலைக்குப் போகும் மற்ற தோட்டங்களிலும்.

போன மாதம் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பில் போனேன். எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள், முன்பின் அறியாதவள், ஒரு பையைத் திறந்து யாருக்கோ காட்டினாள். “சோலிக்குப் போற எடத்துல ஒரு பிடி நிலாக்காய் குடுத்தாக.”

“அதென்ன பேரு?” என்று கேட்டது நான்தான். வாய் இருக்கிறதே.

“அது ஒரு கதைக்கா. இங்கன ஒரு ரிட்டையர்டு டீச்சராம். அடுப்பப் பாருன்னு சொன்னா, நிலாவப் பாத்துக்கிட்டு நின்னுட்டாளாம். ஏழு மூட்டை காயி கருகி, ஸ்டோரே எரிஞ்சு போச்சாம்.”

ஏழு மூட்டை என்பது பச்சைப் பொய். பொறுத்துக்கொண்டேன். ஸ்டோர் எரிந்ததாகச் சொன்னது அவதூறு. அதையும் பொறுத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். ஒரு வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவும் தாண்டியது. மூன்றாவதில் என்னால் முடியவில்லை.

“டீச்சர் இல்லம்மா” என்றேன். “கண்காணிப்பாளர்.”

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு மெட்டு வரை ஒருவரும் பேசவில்லை. அத்தனை பேர் ஒரே ஜீப்பில் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையேறியதை அன்றுதான் பார்த்தேன்.