மண்மேட்டுக்கு ஒரு புள்ளி

ரயில்வேக்கே தெரியாமல் ஒரு ஸ்டேஷனை நடத்திய ஆள் உலகத்தில் உண்டென்றால் அது எங்கள் விருத்தாசலம் பக்கத்து ‘பீங்கான்’தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். சூளையில் காது கோணிப்போன கப்புகளை வாங்கிக் கடலூர் பாசஞ்சரில் விற்பார். “காது கோணலுன்னா டீ கசக்குமா சார்?” என்று கேட்டே நம் தலையில் கட்டிவிடுவார்.

அவர் ஊர் மண்மேடு, அதே தடத்தில் ஒரு குட்டி ஸ்டேஷன். ஏறுவாரில்லை என்று எப்போதோ மூடிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் கருவேலம் முளைத்தது, பெயர்ப் பலகையும் போனது. பீங்கான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் நெருங்கியதும் பெட்டி பெட்டியாகக் கூவுவார்: “மண்மேடு! மண்மேடு வருது!” புதிதாக வந்தவர்கள் மூட்டையோடு வாசலில் நின்று, ஊர் ஓடிப்போவதைப் பார்த்துவிட்டு அவரைத் திட்டுவார்கள்.

“வருதுன்னுதானேம்மா சொன்னேன்? நிக்கும்னு சொன்னனா?”

பலகையையும் அவரே களிமண்ணில் செய்து சுட்டெடுத்து, பழைய இடத்திலேயே நட்டார். மஞ்சள் பீங்கான், கறுப்பு எழுத்து. எல்லாம் ஜோராக வந்தது. ‘ண்’ தலையிலிருந்த புள்ளி மட்டும் சூளையில் உதிர்ந்து ஊர் ‘மணமேடு’ ஆகிவிட்டது.

“அப்படியே வுட்டுடுங்க. கல்யாண மண்டபம்னு நெனச்சாவது நாலு பேரு வருவாங்க” என்றேன்.

மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். “எங்களுக்கு சோறு போட்டது மண்ணு சார். மணமா போட்டுச்சி?”

மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் புள்ளியாக ஒட்டினார். மழைக்கு அது விழும்; மறுபடி ஒட்டுவார். இன்றைக்கு மெரூனா கறுப்பா என்று தினமும் வேலைக்குப் போகும் நாங்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்போம்.

ஒருநாள் தண்டவாள வேலையால் பாசஞ்சர் அங்கேயே நின்றுவிட்டது. கீழே ஒரு சூப்பர்வைசர் ஆட்களோடு பலகையைப் பெயர்க்க நின்றார்.

“மணமேடுன்னு ஒரு ஸ்டேஷனே இந்த லைன்ல இருந்ததில்லையே. எடுங்கப்பா!”

பீங்கான் பெட்டியிலிருந்து குதித்து ஓடிப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். பொட்டைக் காணோம். அந்த மனிதர் பேச்சற்று நின்றதை அன்றுதான் பார்த்தேன். ஊருக்குள்ளிருந்து அவர் மனைவி விறுவிறுவென்று வந்தார். தன் நெற்றிப் பொட்டைப் பிய்த்து ‘ண’வின் தலையில் அழுத்தினார்.

“இப்ப படிங்க சார்.”

படித்துப் பார்த்த சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரயில்வே எடத்துல வேணாங்க. அந்த வேலிக்கு அந்தாண்ட நட்டுக்குங்க. எல்லாருக்கும் தெரியட்டும்.”

ரயிலே கை தட்டியது. எங்கள் எல்லோருக்கும் எங்கள் சொந்த ஊர் பெயர் நிலைத்தது போலப் பெருமை. பீங்கானுக்குக் குரல் திரும்பிவிட்டது. “மண்மேடு! மண்மேடு! எறங்கறவங்க எறங்குங்க!”

எனக்கு நெய்வேலியில் ஆபீஸ். அங்கே இறங்க எந்த வேலையும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பீங்கான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி கையை நீட்டினார். “டிக்கெட்டு?”

கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.