ராட்சசிக்கு ‘ட்’ வரும்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது: விசாரிக்காமலே முடிவு கட்டுவது. பத்திரிகைக்காரிக்கு இதைவிடக் கேவலமான வியாதி கிடையாது.

பேர்லினில் ஒரு சின்னப் பத்திரிகையில் பயிற்சியின் கடைசி வாரம். “வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நல்ல கட்டுரை. இல்லாவிட்டால் கைகுலுக்கிப் பிரிவோம்” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, அமெரிக்காவின் ஆரம்பகாலப் பெண் நிருபர் ஒருவரின் வரலாற்றைப் படித்துத் தொலைத்தேன். சமையல் குறிப்பு எழுதச் சொன்ன ஆண்களை உதறிவிட்டு, கூலிக்காரி வேடத்தில் ஆலைக்குள் புகுந்து, கண்டதை எழுதி, முதலாளிகளை நடுங்க வைத்தவர். அவரால் முடிந்தது என்னால் ஏலாதா? புதன்கிழமை காலை, ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மேற்பார்வையாளருக்கு முப்பது வயதிருக்கும். செம்பட்டை அடித்த குட்டைமுடி, சட்டையில் ‘ஷ்மிட்’ என்று பெயர்ப்பட்டி, வாயில் ஜெர்மன் மட்டும். ஜெர்மன்காரனைக் கட்டிய ஸ்பெயின்காரி என்று நானே அவளுக்குக் கலியாணமும் செய்துவைத்துவிட்டேன். (சொன்னேனே, வியாதி.)

குறிப்புகளை ஒரு சின்னக் கொப்பியில் தமிழில் எழுதினேன். யாருக்கு விளங்கப் போகிறது? (முருகன் கோயில் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படி நினைத்தேன்!) ‘தண்ணீர் குடிக்கவும் நேரமில்லை. மேற்பார்வைக்காரி சரியான ராச்சசி. மூக்கு முதலில் வரும், ஆள் பிறகு வரும்.’

மதியம் கட்டிலுக்கு விரிப்புப் போடும்போது சட்டைப்பையைத் தடவினேன். கொப்பி இல்லை. தள்ளுவண்டியில் வைத்தது ஞாபகம் வந்தது. வண்டி துணி அறையில் நின்றது. ஓடினேன்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஷ்மிட், கையில் என் கொப்பி. சும்மா புரட்டுகிறாள் என்று மனதைத் தேற்றினேன். அப்போது அவளுடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். ஐயோ, வாசிக்கிறாள்! அடுத்த பக்கத்தில்தான் அந்த மூக்கு இருந்தது. பக்கத்தைத் திருப்பினாள்.

“உள்ளுக்கு வாரும் தங்கச்சி. கதவைச் சாத்தும்.”

அசல் யாழ்ப்பாணத் தமிழ். சாத்தினேன்.

“பேப்பர்காரியோ?”

“ஓம் அக்கா.”

“முழுக்கப் பிழை.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, நான் அப்பிடி எழுதியிருக்கக் கூடாது...”

“நான் எழுத்தைச் சொல்லுறன். ராட்சசிக்கு ‘ட்’ வரும்.”

பேனாவை எடுத்துத் திருத்தினாள். மூக்கைப் பற்றி மூச்சே விடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நீங்கள்... ஷ்மிட்?”

“அது முந்தி இருந்த மனுசியின்ரை பேர். என்ரை பேர்ப்பட்டிக்கு ஆன்ட்ராக் படிவம் எழுதிக் குடுத்து நாலு மாசம், இன்னும் வரேல்லை.”

என் கட்டுரையும் வேலையும் அவள் கையில் இருந்தன. “மேலிடத்துக்குச் சொல்லப் போறியளோ?” என்றேன்.

கொப்பியை என் கையில் தந்தாள். பிறகு துவாய்க் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

“நேரடியாக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பன். எனக்கு மட்டும் தண்ணி குடிக்க நேரமிருக்கோ? எழுதும். என்ரை பேரைப் போடாதையும்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பிழை விட்ட இடமெல்லாம் நிறுத்தித் திருத்தினாள்.

வெள்ளிக்கிழமை கட்டுரை வந்தது, பத்திரிகை வேலையும் நிலைத்தது. அன்று மாலை கட்டுரையைக் காட்ட ஹோட்டலுக்குப் போயிருந்த என்னைக் கூட்டிப்போக வந்த அண்ணா, அந்த அக்காவையும் வீட்டில் இறக்கிவிடப் போனான். அதற்குப் பிறகு நடந்தது எதையும் இந்த நிருபர் விசாரிக்கவில்லை. இப்போது அவர் என் அண்ணி. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் ‘அன்புடன் ராட்சசி’ என்றுதான் கையெழுத்துப் போடுவார், ‘ட்’டுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து.

போன மாதம் அவர்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அண்ணி சொன்னார்:

“வடிவாப் பாரும். மூக்கு முதல்ல வந்தது, ஆள் பிறகுதான் வந்தவ.”