மீசைக்குள் போன பாடம்

புதுப் பெண் வகுப்பில் சேர்ந்த மூன்றாம் நாளே அறிவியல் வாத்தியாரின் மீசைமீது புகார் வந்துவிட்டது.

நோட்டில் கிழித்த துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த புகார் அது. அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். ஏழாம் வகுப்பின் முப்பத்தெட்டாவது ஆளாக முதல் பெஞ்சில் இடம் கொடுத்திருந்தார்கள். சீட்டில் இருந்தது ஒரே வரி: "சார், உங்க உதடு எங்க இருக்கு?"

வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். இருபத்தாறு வருஷத்து மீசை. மேலுதட்டை முழுசாக வளைத்துப் போட்டுவிட்டு, கீழுதட்டிலும் பாதிக்குமேல் குடியேறியிருந்தது. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவரைப் 'புதர்' என்றுதான் சொல்வார்கள்.

தலைமையாசிரியை கறாரானவர். இப்படி ஒரு பிள்ளையை மற்றவர்களோடு உட்கார வைத்துப் பாடம் நடத்துவது அந்தப் பள்ளிக்கு இதுதான் முதல் தடவை. ஒரு மாதம் பார்ப்பதாகவும், சரிப்பட்டு வராவிட்டால் வேறு பள்ளிக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார். வேறு பள்ளி என்றால் அது எங்கோ தொலைவில். பன்னிரண்டு வயதுப் பெண் அம்மா அப்பாவை விட்டுவிட்டு விடுதியில் போய்த் தங்க வேண்டும்.

வாத்தியார் அன்று சாயங்காலமே சலூனுக்குப் போனார். மொழுமொழுவென்று திரும்பி வந்து வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி கதவைத் திறந்து, "சார் இன்னும் ஸ்கூல்ல இருந்து வரலீங்க" என்று சொல்லிச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் வகுப்பு சிரித்து ஓயப் பத்து நிமிஷம் ஆனது. புதுப் பெண் மட்டும் சிரிக்காமல் அவர் உதட்டையே கவனித்து, திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

அந்தத் திருப்தி, அவர் கரும்பலகைப் பக்கம் திரும்புகிற வரைக்கும்தான். திரும்பினால் உதடும் கூடவே திரும்பிவிடுகிறதே. அதனால் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியபடி, கையை மட்டும் பின்னால் வளைத்து இதயத்தின் படம் வரைந்தார். படம் கத்திரிக்காய் மாதிரி வந்தது. 'இடது கீழறை' என்று எழுதியது பலகையைத் தாண்டிச் சுவரில் போய் முடிந்தது. தோள்பட்டை பிடித்துக்கொண்டு மூன்று நாள் சட்டை மாட்டவே ஆள் தேவைப்பட்டது.

சரி, எழுதவே வேண்டாம் என்று, வாயை அகலத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார். இரத்தம் இதயத்தை விட்டுக் கிளம்புவதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டாவது சீட்டும் வந்தது: "சார், பாடம் நடத்துறீங்களா, கொட்டாவி விடுறீங்களா?"

இனிமேல் சைகைமொழிதான் வழி என்று முடிவு செய்தார். போனில் வீடியோ போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிப் பழகினார். மனைவி அதைப் பார்த்துவிட்டுக் காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மீசை போன நாளிலிருந்து அவர் எதற்கும் தயாராகத்தான் இருந்தார்.

திங்கட்கிழமை வாத்தியார் கம்பீரமாக நின்று, 'புத்தகத்தைத் திறங்க' என்று கையால் காட்டினார். முப்பத்தெட்டுப் பேரும் பையை மாட்டிக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள்.

கேட்டருகில் தலைமையாசிரியை அவர்களை மடக்கினார். "எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு சார்தான் கையால சொன்னாரு மேடம்" என்றாள் வகுப்புத் தலைவி. பின்னாலேயே ஓடி வந்த வாத்தியாருக்கு நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. அடுத்த வார வெள்ளிக்கிழமையோடு மாதம் முடிகிறது, அன்றைக்குத் தானே வகுப்பில் வந்து உட்காரப் போவதாகத் தலைமையாசிரியை சொன்னார்.

வகுப்புக்குத் திரும்பும்போதுதான் வாத்தியாருக்கு உறைத்தது. அவர் தப்பாகக் காட்டியது சரி. அந்தத் தப்பு மற்ற முப்பத்தேழு பேருக்கும் எப்படிப் புரிந்தது? கேட்டதற்கு விளையாட்டு மைதானத்தைக் காட்டினார்கள். புதுப் பெண் தினமும் சாப்பாட்டு வேளையில் அங்கே அத்தனை பேருக்கும் சைகைமொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அன்றிலிருந்து வாத்தியாரும் சாப்பாட்டு வேளையில் போய்க் கடைசி ஆளாக உட்கார்ந்தார். அவர் தப்பாகக் காட்டினால் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அவர் விரலைப் பிடித்து மடக்கித் திருத்தினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை. காதுக்குள் கத்தினாலும் கேட்காது. பக்கத்து வகுப்புகளில் பாடத்தை நிறுத்திவிட்டார்கள். தலைமையாசிரியையும் ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

அப்போது புதுப் பெண் எழுந்து வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வலது கையை மார்புக்கு நேரே வைத்து, மெல்ல மூடி, விரித்தாள். முப்பத்தேழு கைகள் அவளோடு சேர்ந்து மூடி விரிந்தன. ஒரு வரிசை இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பியது, அடுத்த வரிசை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஒரு கைகூடப் பிந்தவில்லை. அவ்வளவு பெரிய மழைக்கு நடுவில் அந்த அறை முழுவதும் ஒற்றை இதயமாகத் துடித்தது.

பிறகு கேள்விகள் கிளம்பின. நாம் தூங்கும்போது அது மட்டும் ஏன் தூங்குவதில்லை என்று கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு கை கேட்டது. பயந்தால் அதற்கு யார் போய்ச் சொல்கிறார்கள் என்று இன்னொரு கை. வாத்தியாருக்கு ஒவ்வொன்றும் புரிந்தது. ஒவ்வொன்றுக்கும் கையாலேயே பதில் சொன்னார். அந்தப் பெஞ்சுப் பிள்ளைகள் வார்த்தையை மென்று விழுங்குகிற மக்குகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அவர்கள் என்ன கேட்டாலும் "அத அடுத்த வகுப்புல பாக்கலாம்" என்று தட்டிக்கழித்துவிடுவார். இவ்வளவு பெரிய விஷயங்களையா கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

மழை விட்டது. தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்தார். "அந்தப் பொண்ணு எங்கயும் போக வேண்டாம் சார்" என்றார்.

அவர் போன பிறகு வாத்தியார் வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டார். "அவ ஒருத்திக்காக இத்தன பேரும் ஒரு பாஷையவே கத்துக்கிட்டீங்களேம்மா."

வகுப்புத் தலைவி புதுப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். அவள் 'சொல்லிடு' என்பது போலத் தலையசைத்தாள். தலைவி வாயைத் திறக்காமல், அவருக்குப் புரிகிற மாதிரி நிதானமாகக் கையாலேயே சொன்னாள்:

"அவளுக்கு எங்க உதடே போதும் சார், நீங்களும் அவள மாதிரியே எங்க உதட்டத்தான் பாக்குறீங்க, உங்களுக்கும் காது கேக்கலன்னு மொத நாளே அவ கண்டுபிடிச்சு சொன்னதால, நாங்க கத்துக்கிட்டது உங்களுக்காக."