லவுட்ஸ்பீக்கர் மாமாவின் வாய்

"லயத்துப் பிள்ளை போய்க் கேட்டா லயத்து ஆளுங்க உண்மையச் சொல்லுவாங்களா?" புகையிலைக் கணக்கெடுப்பு வேலைக்கு என்னை எடுத்தபோது மேலதிகாரி கேட்டார்.

"எனக்குச் சொல்லாம வேற யாருக்கு சார் சொல்லுவாங்க?" என்றேன். லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் முடித்தவள் நான். அந்தப் பெருமை.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலேயே பெரிய வாய் எங்கள் லவுட்ஸ்பீக்கர் மாமாவுடையது. மலை உச்சியில் பால் வெட்டும்போது அவர் தும்மினால், வேலை விடும் சங்கு ஊதிவிட்டதென்று ஆட்கள் வாளியோடு இறங்கிவிடுவார்கள். அந்த வாயை வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை. அட்டை கடித்தால் மடியிலிருந்த புகையிலையில் பாதியைக் காலில் அப்புவார். மீதி வாய்க்குள் போகும்.

முதல் வீடே அவருடையதுதான். "மாமா, பொயல போடுறீங்களா?"

"சே சே! வாசனகூடப் புடிக்காது" என்றார், கன்னம் புடைக்க. என் வெள்ளைச் சட்டையில் சிவப்பாகத் தெறித்தது.

அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டு அக்கா வெற்றிலை உரலைச் சேலையால் மூடிக்கொண்டு, "பொயலயா? அப்புடின்னா என்னம்மா?" என்றாள்.

பிறகுதான் தெரிந்தது. நான் வருவதற்கு முன்பே மாமா லயம் முழுக்கக் கூவியிருக்கிறார்: "நம்ம புள்ளைக்குப் பரீட்சை! எல்லாரும் இல்லன்னே சொல்லுங்க. ஃபெயிலாக்கிப்புடாதீங்க!"

கண்ணால் கண்டதை எழுதக் கூடாது, வாயால் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. புகையிலையே இல்லாத தோட்டமாகப் பதிவானோம். வாயைப் பரிசோதிக்கும் நடமாடும் கிளினிக் வேறு தோட்டத்துக்குப் போனது. "புள்ள பாஸு!" என்று மாமா பட்டாசு கொளுத்தினார்.

இப்போது அந்த வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையாது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகிவிட்டது. சோற்றைக் கரைத்துக் குடிக்கிறார். லயம் தாங்க முடியாத அமைதியாக இருக்கிறது. ஆஸ்பத்திரி என்றால் மட்டும் தலையை ஆட்டி மறுப்பார். காரணத்தைப் பல்லிடுக்கு வழியாகத்தான் சொன்னார்:

"நான் போய் வாயக் காட்டுனா, நீ எழுதுனது பொய்யின்னு ஆயிருமே புள்ள."

மறுநாளே மேலதிகாரியிடம் போய், எங்கள் தோட்டத்துக் கணக்கு முழுக்கத் தவறு என்றேன். "அப்பவே சொன்னேனே" என்றார். திரும்பி வந்து மாமாவிடம் சொன்னேன்: "நான் ஃபெயிலாயிட்டேன் மாமா. இனி காப்பாத்த ஒண்ணுமில்ல. கெளம்புங்க."

அந்த வாய் இனித் திறக்குமா என்று யாரிடமும் கேட்க எனக்குத் தைரியமில்லை. இதைக் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன். பக்கத்தில் மாமா. அவருடைய வெற்றிலைப் பை என் மடியில்.